தேதி போட்ட சுவர்



பட்டம் பெறும் பிள்ளைகளே, உங்களில் பலர் கார் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகப்போகிறீர்கள். அதனால் ஒரு வரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2024 அக்டோபர் 30 முதல், சீனாவில் தயாராகும் மின்சார கார்களுக்கு வழக்கமான 10 சதவீதச் சுங்கத்தோடு கூடுதல் வரியையும் ஐரோப்பிய ஒன்றியம் வசூலிக்கிறது. சீனக் கம்பெனிகளில் பிஒய்டிக்கு 17 சதவீதம், ஜீலிக்கு 18.8, எஸ்ஏஐசிக்கு 35.3. ஷாங்காயிலிருந்து வரும் டெஸ்லாவுக்கு 7.8தான். ஏன் ஆளுக்கொரு விகிதம்? மலிவு நிலம், சலுகைக் கடன், அடிமாட்டு விலையில் பேட்டரி என்று அரசு தந்த உதவி யாருக்கு எவ்வளவு என ஓராண்டு விசாரித்துக் கணக்குப் போட்டார்கள். கேட்ட விவரத்தைச் சரிவரத் தராத கம்பெனிக்கு உச்ச வரி.

அதே ஆண்டில் அமெரிக்காவும் கனடாவும் சீன மின்சார கார் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக 100 சதவீதம் போட்டன. எனக்கு ஐரோப்பாவின் வழியே நியாயமாகப் படுகிறது. பிஒய்டி 1995இல் பேட்டரி செய்யத் தொடங்கிய கம்பெனி. முப்பது ஆண்டுகள் கற்றுச் சேர்த்த கைத்திறனும் அதன் மலிவில் இருக்கிறது. அந்தத் திறனுக்கு வரி போடுவது அநியாயம். அரசு கொடுத்த பணத்துக்கு மட்டும் போடலாம். இரண்டையும் பிரிப்பது கடினம், ஆனாலும் முயல வேண்டும்.

வெளிநாட்டுக் காருக்கு எதிராகச் சுவர் கட்டுவது நமக்குப் புதிதல்ல. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி 1950களில் வந்த அம்பாசடர் கார், பெரிய உருமாற்றம் இல்லாமல் 2014 வரை தயாரானது. வெளிநாட்டுக் கார் வர வழியில்லாத அந்தக் காலத்தில், கார் வாங்க நினைத்தவர்கள் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கதவு எப்போது திறக்கும் என்று எவரும் தேதி சொல்லவில்லை. தேதி இல்லாதபோது தயாரிப்பவருக்கு என்ன அவசரம்?

2024 மார்ச்சில் நம் அரசு அறிவித்த திட்டத்தில் தேதி இருக்கிறது. 4,150 கோடி ரூபாய் முதலிட்டு மூன்று ஆண்டுகளில் இங்கே உற்பத்தியைத் தொடங்க ஒப்புக்கொள்ளும் கம்பெனி, விலை உயர்ந்த மின்சார கார்களை ஆண்டுக்கு 8,000 வரை 15 சதவீத வரியில் கொண்டுவரலாம். ஐந்தாம் ஆண்டுக்குள் காரின் மதிப்பில் பாதி இங்கேயே உருவாக வேண்டும்.

ஐரோப்பாவின் கூடுதல் வரிக்கும் தேதி உண்டு: அதன் ஐந்தாண்டுக் கெடு 2029 அக்டோபரில் முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் மறுபடி ஆய்வு செய்தாக வேண்டும். அப்போது உங்களில் சிலர் ஸ்ரீபெரும்புதூரிலோ தூத்துக்குடியிலோ ஏதோ ஒரு ஷிப்டில் நின்றிருப்பீர்கள். உங்கள் லைனில் ஏறும் பேட்டரி செல் எந்த ஊரில் செய்தது என்று அன்றைக்கு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.