விற்க முடிகிற காரைத்தான் வைத்திருக்கலாம்



பட்டறையில் பல ஆயிரம் வெள்ளி செலவழித்து, வேகத்துக்கென்றே மாற்றியமைத்த காரை விற்பதா, வைத்திருப்பதா? இதுதான் இன்றைய தலைப்பு. இளைஞர்களின் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துப் பெரியவர்கள் தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ குடும்பங்களில் இந்தக் கேள்வி சாப்பாட்டு மேசைக்கு வருகிறது. பையனுக்குத் திருமணம் நிச்சயமாகும்போது வருகிறது. முதல் குழந்தை பிறக்கும்போது வருகிறது. வீட்டுக்கு முன்பணம் கட்டக் கையில் காசு போதாதபோது கட்டாயம் வருகிறது.

"அந்தத் தகரத்தை விற்றுத் தொலைடா" என்கிறார் அம்மா. "இப்படி ஒரு காரை மறுபடியும் செய்ய முடியுமா மச்சான்?" என்கிறார்கள் நண்பர்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை இரண்டு பக்கத்தாரும் கேட்பதில்லை. அந்தக் கார் நாளைக்கே நேர்வழியில் வேறொருவர் பெயருக்கு மாறக்கூடிய நிலையில் இருக்கிறதா? இதற்கு விடை தெரியாதவர் காரை விற்கவும் முடியாது. நிம்மதியாக வைத்திருக்கவும் முடியாது.

ஆசை வந்த வழி

இந்த ஆசையைக் கேலி செய்வது எளிது. ஆனால் அது வந்த வழியை அறிந்தவர்கள் கேலி செய்ய மாட்டார்கள். முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா 1985இல் சாலைக்கு வந்தது. 1996இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் புரோட்டோன் கைக்கு வந்தது. அதன் பலனாக 1990களின் இறுதியில் பிறந்தது சத்ரியா ஜிடிஐ. 1,834 சிசி என்ஜின், லோட்டஸ் பொறியாளர்கள் சீர்படுத்திய ஓட்டம். மாதச் சம்பளக்காரரும் கனவு காணக்கூடிய வேகக் காராக அது இருந்தது. 2002இல் கரம்ஜித் சிங் புரோட்டோன் காரிலேயே உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றார். மலேசிய இந்தியர் ஒருவர் உலக வெற்றியாளர் ஆனதைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்குக் கார் வெறும் வாகனமாகத் தெரியவில்லை.

அதோடு கிள்ளான் வட்டாரம் இந்த ஆசைக்குத் தீனி போட்டது. ஜப்பானில் கழிக்கப்பட்ட காரை இரண்டாக அறுத்து, என்ஜின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாம் ஒட்டியபடியே முன்பாதியைக் கப்பலில் கொண்டுவந்து விற்கும் 'ஹாஃப் கட்' கடைகள் இங்கே பெருகின. அந்த என்ஜின்களை இறக்கி ஏற்றியே தொழில் கற்றுக்கொண்ட நம்மவர்கள் பலர். கையில் கிரீஸ் படிந்த அந்த உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் மரியாதையை வைத்துக் கடன் கட்ட முடியாது. எனவே கணக்குக்கு வர வேண்டியிருக்கிறது.

ஒரு காருக்கு மூன்று மதிப்பு

மாற்றியமைத்த காருக்கு மூன்று மதிப்பு உண்டு. ஒன்று, உரிமையாளர் போட்ட பணம். இரண்டு, சந்தை தரும் பணம். மூன்று, சட்டக் காகிதங்கள் ஒப்புக்கொள்ளும் மதிப்பு.

ஒருவர் 15 ஆயிரம் வெள்ளிக்குப் பழைய கார் ஒன்றை வாங்கி, அதில் 25 ஆயிரம் வெள்ளி செலவு செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் மனத்தில் அது 40 ஆயிரம் வெள்ளிக் கார். வாங்க வருபவர் அப்படி நினைப்பதில்லை. டர்போவைப் பார்த்ததும் "இதை எப்படி விரட்டியிருப்பார்களோ" என்ற சந்தேகம் அவருக்கு வருகிறது. பட்டறைக்காரர் யார், வேலையை எப்படிச் செய்தார் என்பது தெரியாததால் விலையைக் குறைக்கிறார். செலவழித்த பணத்தில் பெரும்பகுதி திரும்பி வராது. கல்யாணப் பந்தலுக்குச் செய்த செலவு மாதிரி அது, அனுபவித்தாயிற்று, அவ்வளவுதான்.

"பழைய வேகக் கார்களுக்கு விலை ஏறுகிறதே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 25 ஆண்டு நிறைந்த வெளிநாட்டுக் கார்களை அமெரிக்கா தளர்வான விதியில் இறக்குமதி செய்ய விடுகிறது. அதனால் ஜப்பானின் பழைய கார்கள் பலவற்றுக்கு உலகச் சந்தையில் கிராக்கி வந்தது. உள்ளூரிலும் நல்ல நிலையில் உள்ள சத்ரியா ஜிடிஐயைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் முதலில் தேடுவது தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் என்ஜினையும் அசல் இருக்கையையும்தான். மாற்றம் கூடக் கூட, வாங்க வருபவர் கூட்டம் குறைகிறது.

யானையும் அங்குசமும்

மூன்றாவது மதிப்புதான் முடிவைத் தீர்மானிக்கிறது. கார் ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற வேண்டுமானால் பரிசோதனை உண்டு. 1994 முதல் நெடுங்காலம் புஸ்பாகோம் மட்டுமே செய்துவந்த வேலை அது. 2024க்குப் பிறகு வேறு நிறுவனங்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. அங்கே என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பதிவு ஆவணத்தோடு ஒப்பிடுவார்கள். எண் ஒத்துப்போகவில்லை என்றால் பெயர் மாறாது. கண்ணாடிக்கும் விதி உண்டு. 2019 மே மாதம் தளர்த்தப்பட்ட பிறகும், முன் கண்ணாடி 70 விழுக்காடும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும்.

என்ஜினை மாற்றுவதே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியோடு, வாங்கிய ரசீதையும் இறக்குமதி ஆவணத்தையும் காட்டி, பரிசோதனையில் தேறி, மாற்றத்தைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. அப்படியிருந்தும் பலர் பதிவு செய்வதில்லை. அலைச்சல் ஒரு காரணம். சாலை வரி இன்னொரு காரணம். தீபகற்பத்தில் 1,597 சிசி சொந்தக் காருக்கு ஆண்டு வரி 90 வெள்ளி. அதே காரில் 1,997 சிசி என்ஜினை ஏற்றிப் பதிவு செய்தால் வரி 378 வெள்ளி 50 காசு. வித்தியாசம் 288 வெள்ளி 50 காசு. என்ஜினுக்குப் பல ஆயிரம் கொடுத்தவர் இந்தத் தொகைக்குத் தயங்குவது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவதுதான்.

கெடுபிடி இந்த நாட்டில் மட்டும் என்று யாரும் புலம்ப வேண்டாம். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஒரு தீர்ப்பு வழங்கியது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதோடு ஒப்பிட்டால், இங்கே பதிவுக்கு ஒரு வழியாவது இருக்கிறது.

விபத்து நாளில் தெரியும் உண்மை

காப்புறுதி விஷயம் இன்னும் கடுமையானது. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டப்படி, காப்புறுதி எடுப்பவர் கேட்ட விவரங்களுக்கு உண்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். டர்போ இருப்பதையும் என்ஜின் மாறியதையும் மறைத்தால், அந்த ஆண்டின் கட்டணத்தில் கொஞ்சம் மிச்சமாகலாம். ஆனால் கூட்டரசு நெடுஞ்சாலையில் விபத்து நேரும் நாளில் இழப்பீடு குறையலாம்; முழுவதுமே மறுக்கப்படலாம். மோதப்பட்டவருக்குக் கட்டாயக் காப்புறுதியிலிருந்து பணம் போனாலும், காப்புறுதி நிறுவனம் அந்தத் தொகையைக் கார்க்காரரிடமே திரும்பக் கேட்கும் நிலை வரக்கூடும். அப்போது போவது கார் மட்டுமா? வீட்டுக்காகச் சேர்த்த பணமும் சேர்ந்து போகும்.

கோரிக்கை இல்லாமல் ஐந்து ஆண்டு ஓட்டியவருக்கு 55 விழுக்காடு கட்டணக் கழிவு உண்டு என்பது பலருக்கும் தெரியும். அந்தக் கழிவு காருக்கு உரியது என்று நினைத்து, அதை இழக்க மனமில்லாமல் விற்காமல் இருப்பவர்களும் உண்டு. கழிவு உரிமையாளருக்கு உரியது. காரை விற்ற பிறகு அடுத்த காருக்கு அதை மாற்றிக்கொள்ளலாம்.

'சம்போங் பாயார்' என்னும் பொறி

நேர்வழியில் விற்க முடியாத கார் எங்கே போய்ச் சேர்கிறது? கடன் முடியாத காராக இருந்தால் பெரும்பாலும் 'சம்போங் பாயார்' என்ற ஏற்பாட்டில் போய் விழுகிறது. கொஞ்சம் முன்பணம் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவது. மிச்சத் தவணையை வாங்கியவர் கட்டுவார் என்று நம்புவது. சுலபமாகத் தெரிகிறது. ஆனால் வாடகைக் கொள்முதல் கடன் முடியும்வரை காரின் சட்டப்படியான சொந்தக்காரர் வங்கி. அதன் சம்மதமில்லாமல் காரைக் கைமாற்ற ஒருவருக்கும் உரிமை கிடையாது.

வாங்கியவர் தவணையை நிறுத்தினால் கடன் பாக்கி யார் பெயரில் ஏறும்? கொடுத்தவர் பெயரில். வேகக் கட்டுப்பாட்டு சம்மன் யார் பெயருக்கு வரும்? கொடுத்தவர் பெயருக்கு. அந்தக் கார் குற்றச் செயலுக்குப் பயன்பட்டால் போலீஸ் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும்? அதே கதவைத்தான். பேங்க் நெகாராவின் கடன் தகவல் பதிவில் கறை விழுந்தவருக்கு வீட்டுக் கடன் கிடைப்பது கடினம். வீடு வாங்குவதற்காகவே காரைத் தள்ளிவிட்டவர், அந்தக் காராலேயே வீட்டை இழக்கிறார்.

தவணை கட்ட முடியாத நிலை வந்தால் போக வேண்டிய இடம் வேறு. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் தனிநபர்களுக்கு இலவசமாக வழிகாட்டுகிறது. சாவியை அந்நியரிடம் கொடுப்பதற்கு முன் அந்தக் கதவைத் தட்டலாம்.

முடிவெடுக்கும் முறை

முதல் வேலை, காரை விற்கத் தகுந்த நிலைக்குக் கொண்டுவருவது. என்ஜின் பதிவு, கண்ணாடி, சம்மன் பாக்கி, கடன் மீதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். பதிவு செய்ய முடியாத மாற்றத்தைக் கழற்ற வேண்டும். கழற்றிய அசல் பாகங்களைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டவர்கள் இந்த இடத்தில்தான் தவிப்பார்கள். பத்திரப்படுத்தியவர்கள் அவற்றைத் திரும்பப் பூட்டி, டர்போவையும் ரிம்மையும் தனித்தனியாக விற்கலாம். அப்படி விற்பது பல நேரங்களில் காரோடு சேர்த்து விற்பதைவிட லாபம்.

இந்த வேலை முடிந்த பிறகு கேள்வி தெளிவாகிவிடும். அப்போது விடை ஆளுக்கு ஆள் மாறும். பிரிக்பீல்ட்ஸில் வசிப்பவருக்கு 2001இல் திறந்த கே.எல். சென்ட்ரல் பக்கத்திலேயே இருக்கிறது. வேலைக்கு ரயிலில் போகலாம். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் போதும். அவருடைய சிக்கல் நிறுத்துமிடம். கிள்ளானிலிருந்து தினமும் கோலாலம்பூருக்குக் காரில் போகிறவர் கதை வேறு. இறுகிய சஸ்பென்ஷனும் கனமான கிளச்சும் நெரிசலில் முதுகையும் முழங்காலையும் பதம் பார்க்கும். பின் இருக்கையில் கைக்குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம். ரோன் 97 எண்ணெய்தான் வேண்டும் என்ற என்ஜினாக இருந்தால் அதற்கு அரசு மானியமும் இல்லை.

இரண்டாவது காராக வைத்திருக்கக் குடும்ப வருமானம் தாங்குகிறதா? சாலை வரி, காப்புறுதி, டயர், எண்ணெய், பட்டறை என ஓராண்டுச் செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தத் தொகையை மனைவியிடம் கூச்சமில்லாமல் சொல்ல முடிந்தால் வைத்திருக்கலாம். மறைக்கத் தோன்றினால் விற்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

வைத்திருக்க முடிவு செய்பவர் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வேகத்துக்கு இடம் உண்டு. 1999இல் திறந்த செப்பாங் பந்தயத் தளத்தில் பொதுமக்கள் தங்கள் கார்களை ஓட்டிப் பார்க்கும் நாள்கள் நடத்தப்படுகின்றன. அதற்கு முன் ஷா ஆலம் பத்து தீகா தளம் அந்த வேலையைச் செய்தது. அது இன்று இல்லை. பொதுச் சாலையில் பந்தயம் விடுவது குற்றம். 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்தால் முதல் குற்றத்துக்கே ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையும், 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் வெள்ளி அபராதமும் உண்டு. ஓர் இரவு வேகத்துக்கு இது மிகப் பெரிய விலை.

நேயர்களே, எந்த நேரத்திலும் நேர்வழியில் விற்க முடிகிற காரை வைத்திருப்பவர் அதற்கு எஜமானர். விற்க முடியாத காரை வைத்திருப்பவரைக் கார்தான் பிடித்து வைத்திருக்கிறது. இந்த வாரக் கடைசியில் காரைக் கழுவும் முன் பதிவு ஆவணத்தை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்து, இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண்கள் ஒத்துப்போனால் அம்மாவிடமும் நண்பர்களிடமும் நிதானமாகப் பேசலாம். ஒத்துப்போகாவிட்டால், பேச்சை நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை காலை சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போவதுதான் முதல் வேலை.