ஒட்டிய பலகையும் தீயின் கணக்கும்

கொதிக்கும் குழம்பில் அலுமினியக் கரண்டியை விட்டுவைத்தால் சற்று நேரத்தில் பிடி சுடும். மர அகப்பை சுடுவதில்லை. இது நம் தாய்மார்கள் அறிந்ததே. ஆனால் இரண்டு பொருள்களை ஒட்டி ஒரே பலகையாக்கினால், அது நெருப்பில் எப்படி நடந்துகொள்ளும்? அளந்துதான் அறிய வேண்டும்.

இலண்டன் மாநகரில் கிரென்ஃபெல் டவர் என்னும் 24 மாடிக் குடியிருப்பின் வெளிச்சுவரில் பதித்திருந்த பலகைகள் பார்வைக்கு அலுமினியமே. உண்மையில் அவை இரு மெல்லிய தகடுகள். நடுவே 3 மில்லிமீட்டர் பாலிஎதிலீன், அதாவது பிளாஸ்டிக் பை செய்யும் பொருள். 2017 ஜூன் 14ஆம் நாள் ஒரு வீட்டுச் சமையலறையில் பிடித்த தீ, முக்கியமாக இப்பலகைகள் வழியே மேலேறியது. 72 பேர் மாண்டனர். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். இந்தப் பிளாஸ்டிக்கோ 130 டிகிரிக்குள் உருகிவிடும். எரிந்தால், அதே எடையுள்ள காய்ந்த விறகைவிட இரு மடங்குக்கு மேல் வெப்பம் தரும்.

எப்படி அளக்கிறார்கள்? 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டைக் கூம்பு வடிவ மின்சூடேற்றியின் கீழ் வைக்கிறார்கள். எத்தனை விநாடியில் பற்றுகிறது, எடை எவ்வளவு குறைகிறது என்று குறிக்கிறார்கள். வெளிவரும் வெப்பத்தை அறியும் வழிதான் அழகு. புகையோடு போகும் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். ஒரு கிலோ ஆக்சிஜன் செலவானால், பெரும்பாலான பொருள்கள் ஏறத்தாழ 13 மெகாஜூல் வெப்பமே தரும்.

வெப்பத்தை எவ்வளவு விரைவில் கடத்துகிறது, ஒரு டிகிரி சூடேற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பவற்றை வேறு கருவிகள் அளக்கும். பள்ளியில் பொருளுக்கு ஓர் எண் என்றே நாம் கற்பிக்கிறோம். தீயில் அது போதாது. ஈர ரப்பர் விறகு சீறிச் சீறி எரிவதைப் பார்த்திருக்கிறோமல்லவா? உள்ளேயுள்ள நீர் ஆவியாகும் வரை வெப்பம் அதற்கே செலவாகிறது. ஒட்டுப்பலகையிலும் அப்படியே. பிறகு மரம் கரியாகும். கரி வேறு விதமாக வெப்பம் கடத்தும். பசை இளகி அடுக்குகள் பிரிந்தால் கணக்கு மறுபடி மாறும். 30 டிகிரியில் அளந்த எண்ணை வைத்து 500 டிகிரித் தீயைக் கணக்கிடுவது ஆபத்தான வேலை.

ஏனென்றால், இந்த எண்களைக் கொண்டுதான் கணினி, மாடிப்படி எத்தனை நிமிடம் புகையின்றி இருக்கும் என்று சொல்கிறது. பத்து நிமிடம் என்று அது சொல்லி, உண்மையில் நான்கே நிமிடமானால்?

2018 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயாவில் ஊழியர் சேமநிதி வாரியக் கட்டடத்தின் வெளிச்சுவரிலும் தீ பரவியது. பட்டணத்து அடுக்குமாடியில் வாழும் நம் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: வெளிச்சுவரைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தால், நிறத்தைக் கேட்பதற்கு முன், பலகையின் நடுவே என்ன இருக்கிறது, சோதித்தது தனித் துண்டையா, இணைப்புகளோடு முழுச் சுவரையா என்று நிர்வாகக் குழுவிடம் கேட்கட்டும்.