செவி பழகிய பின் ஏடு



உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு இசையின் இலக்கணத்தை எங்கிருந்து தொடங்கிக் கற்பிப்பது என்ற வினாவை எடுத்துக்கொண்டு கொள்ளேகாலில் ஓர் அவை கூடுவது மிகவும் பொருத்தமானது. 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, பின்னர் மைசூரு மாவட்டத்துக்கும் 1997இல் சாமராஜநகர் மாவட்டத்துக்கும் உரியதாகிய இவ்வூரில், தமிழும் கன்னடமும் அருகருகே வழங்குவதோடு, இரு மொழிகளின் இசையும் ஒரே பிள்ளையின் செவியில் வந்து விழுகின்றது. மலை மாதேஸ்வரனின் காவியத்தைப் பாடிவரும் தேவரகுட்டர் கையில் ஒலிக்கும் கம்சாளே, அதாவது இடக்கையில் ஏந்திய வெண்கலக் கிண்ணத்தின் மீது வலக்கைத் தட்டை மோதி எழுப்பும் தாளக்கருவி, இப்பகுதிப் பிள்ளைகள் எழுத்தறியும் முன்பே கேட்டுப் பழகிய ஒன்று. நீலகாரர் என்னும் பாடகர்கள் மண்டேசாமி காவியம் பாடும்போது தம்பூரியில் விடாது நிற்கும் சுருதியும் அவ்வாறே. பட்டு நெய்யும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு, காலால் மிதித்துக் கையால் நாடா எறியும் தறியின் சீரான ஓசை தொட்டிலிலேயே அறிமுகமாகிவிடுகிறது.

ஆகவே எட்டாம் வகுப்புக்குள் நுழையும் மாணவர் இசையறியாதவராக வருவதில்லை. காது அறிந்தவற்றுக்கு இன்னும் பெயர் அறியாதவராகவே வருகிறார். பள்ளி செய்ய வேண்டிய முதற்பணி, அந்தப் பெயர்களை உரிய ஒலி கேட்கும் வேளையிலேயே சொல்லிக் கொடுப்பது. நடைமுறையிலோ பெரும்பாலும் இதற்கு மாறாக, எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களின், அதாவது தாய் இராகங்களின், பட்டியலும், ஏழு தாளங்கள் ஐந்து சாதிகளால் முப்பத்தைந்தாகும் கணக்கும் முதலில் மனப்பாடமாகின்றன. கர்நாடகத்தில் ஜூனியர், சீனியர், வித்வத் என்னும் படிகளில் நடைபெறும் இசைத் தேர்வுகளுக்கு அப்பட்டியல்கள் தேவையே. அவற்றைக் குறைத்துப் பேசுவது இவ்வுரையின் நோக்கமன்று. ச என்னும் சட்சமத்தையும் ப என்னும் பஞ்சமத்தையும் கேட்டுப் பிரித்தறியாத மாணவர் கைக்கு அவை போய்ச் சேரும்போது பொருளற்றுப் போகின்றன என்பதே வருத்தத்துக்குரியது.

ஒலிக்குப் பின்பே பெயர் என்பதை முன்னோர் வகுத்த பாடமுறை நன்கறிந்திருந்தது. தொடக்கப் பாடங்களுக்கு மாயாமாளவகௌளை இராகத்தைத் தேர்ந்தவர் பதினாறாம் நூற்றாண்டினரான புரந்தரதாசர் என்பது மரபு. அவ்விராகத்தில் ச, ரி, க, ம என்னும் கீழ்ப்பாதியில் சுரங்களுக்கிடையே அமைந்த இடைவெளிகள், முதலில் குறுகியும் அடுத்து அகன்றும் மீண்டும் குறுகியும், ப, த, நி, மேல் ச என்னும் மேற்பாதியிலும் அப்படியே திரும்ப வருகின்றன. கீழே பாடிய வடிவத்தையே மேலேயும் பாடுகிறோம் என்று ஒரு மாணவர் தாமாக உணரும் நேரத்தில், சுரஸ்தானம், அதாவது சுரம் நிற்கும் இடம், என்ற சொல்லைச் சொன்னால் அது பதியும். முன்கூட்டிச் சொன்னால் வெறும் சொல்லாகவே நிற்கும்.

இன்னும் வளமான பாடம் ஒன்று, பள்ளி மூலையில் தூசு படிந்து கிடக்கும் ஆர்மோனியத்திலேயே உள்ளது. அதன் ஒரு மண்டலத்தில் ஐந்து கறுப்புக் கட்டைகள் உண்டு. மூன்றாக நிற்கும் கட்டைகளில் முதலாவதைச் சட்சமமாகக் கொண்டு வரிசையாக வாசித்தால் மோகன இராகம் கேட்கும். அடுத்ததைச் சட்சமமாகக் கொண்டால் மத்தியமாவதி, அதற்கடுத்ததைக் கொண்டால் இந்தோளம், இரண்டாக நிற்பவற்றில் முதலாவதிலிருந்து சுத்தசாவேரி, இரண்டாவதிலிருந்து சுத்ததன்யாசி. கட்டை ஒன்றும் மாறவில்லை. அடிநிலையாக ஒலிக்கும் சுருதி மட்டுமே ஒவ்வொரு முறையும் மாற்றப்பட்டது. அதனால் முழு உணர்வும் மாறிவிடுகிறது. கிரகபேதம் என்று வடமொழியிலும் பண்ணுப் பெயர்த்தல் என்று தமிழிலும் கூறப்படும் இவ்வியல்பைக் கரும்பலகையில் விளக்க ஒரு வாரம் ஆகலாம். கேட்டு வியக்க ஒரு பாடவேளை போதும். கமகம், அதாவது சுரத்தின் அசைவு, ஆர்மோனியத்தில் வராது என்பது உண்மைதான். எனினும் அக்குறையை ஆசிரியர் தம் குரலால் நிரப்பலாம்.

இவ்வாறு காதால் கற்பதில் இசை வகுப்பு அறிவியல் வகுப்போடும் கைகோக்க வேண்டும். இழுத்துக் கட்டிய கம்பியைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் மேல் சட்சமமும், மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் பஞ்சமமும், நான்கில் மூன்று பங்கில் சுத்த மத்தியமமும் பிறக்கின்றன. அதிர்வெண் என்று அறிவியல் நூல் கூறுவதைக் காது சரிபார்க்கும் இந்தச் சோதனைக்கு ஒரு பலகையும் ஒரு கம்பியும் தவிர வேறு செலவில்லை.

எந்தப் பாடல்களிலிருந்து தொடங்குவது என்ற வினாவுக்கு விடையாக, அங்கேரி நாட்டு இசையறிஞர் சோல்தான் கோடாய், ஒரு குழந்தையின் இசைக் கல்வி அதன் தாய்மொழி நாட்டுப்பாடல்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் பிறந்த கெச்கெமெட் நகரில் 1950இல் நாள்தோறும் பாடலைப் பாடமாகக் கொண்ட பள்ளி தொடங்கப்பட்டது. கொள்ளேகாலுக்கு அவ்வாறு பழகிய பாடல்கள் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. நாட்டுப்பாடல்களோடு, காலை வழிபாட்டில் பாடப்படும், கவிஞர் குவெம்புவின் கர்நாடக மாநில கீதமும் ஒரு சிறந்த பாடம். அதனை மைசூரு அனந்தசாமியின் மெட்டில் 2 நிமிடம் 30 வினாடிக்குள் பாட வேண்டுமென 2022இல் அரசு வரையறுத்ததற்கு முன், சி. அஸ்வத்தின் மெட்டும் வழக்கில் இருந்தது. ஒரே சொற்கள் இரு மெட்டுகளில் எவ்வாறு வேறுபட்டு ஒலிக்கின்றன, எந்தச் சொல்லில் தாளத்தின் முதல் அடி விழுகிறது என்று இருமுறை கேட்டுப் பதில் கூறும் மாணவர், மெட்டு, தாளம், நடை என்ற மூன்றையும் ஒரே அமர்வில் கற்றுவிடுகிறார்.

இவற்றைச் செயற்படுத்த வாரத்தில் ஒரு பாடவேளையும், தேர்வில் கேட்டு எழுதும் வினாக்களுக்கென ஒரு பகுதியும் ஒதுக்கப்பட வேண்டும். மதிப்பெண் இல்லாத பாடத்தைப் பெற்றோர் மதிக்கமாட்டார்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆண்டுக்கு ஒரு முறையேனும் கம்சாளேக் கலைஞர் ஒருவர் வகுப்பறைக்கு அழைக்கப்பட்டு, விழா மேடையில் ஆடுபவராக அல்லாமல், தாளத்தைப் பிரித்துக் காட்டும் ஆசிரியராக ஒரு முழு நாள் அமர்த்தப்பட வேண்டும். அவருக்குரிய மதிப்பூதியத்தைப் பள்ளி வளர்ச்சி மேற்பார்வைக் குழுவே தன் கூட்டத்தில் தீர்மானித்து வழங்கலாம்.