பெண்களே கேட்கிறார்களாம்!



"பெண்களே தங்கள் வழக்கம் வேண்டும் என்கிறார்கள், நடுவில் உங்களுக்கு என்ன வந்தது?" இப்படிக் கேட்டால் நம் வாய் அடைத்துப் போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்தில் 'கத்னா' என்றொரு வழக்கம். பெண்ணுக்கு ஏழு வயதானதும் பாட்டியோ அத்தையோ ஐஸ்க்ரீம் ஆசை காட்டிக் கூட்டிப் போவார்கள். பழைய வீடொன்றின் பின்னறை. ஒருத்தி கையைப் பிடிக்க, ஒருத்தி காலைப் பிடிக்க, இன்னொருத்தி பிறப்புறுப்பின் நுனித்தோலை பிளேடால் அறுக்கிறாள். "யாரிடமும் சொல்லக்கூடாது" என்று கடைசியில் ஓர் உத்தரவு. பிடித்தவர்களும் பெண்கள், அறுத்தவளும் பெண். நான் மறைக்கவில்லை. 2017இல் இதைக் காப்பாற்றவே பெண்கள் சங்கம் கூட்டினார்கள்; உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்.

அதே 2017இல், இந்த வழக்கத்தை எதிர்க்கும் 'சாஹியோ' அமைப்பு 385 போராப் பெண்களிடம் கேட்டு அறிக்கை வெளியிட்டது. 80 சதவீதம் பேர் அறுக்கப்பட்டவர்கள். 81 சதவீதம் பேர் இது தொடரவே கூடாது என்றார்கள். இணையத்தில் தாமாக வந்து சொன்னவர்கள்; முழுச் சமூகத்தின் கணக்கல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குரலும் பெண் குரல்தானே?

பிறகு இந்த வழக்கம் ஏன் நிற்கவில்லை? பயம் ஐயா, பயம்! சமூகத்தின் ஜமாத் விலக்கி வைத்தால் கல்யாணத்துக்கு ஆள் வராது, அடக்கம் செய்யக் கபர்ஸ்தானில் இடம் கிடைக்காது. அந்த விலக்கைத் தடுக்க பம்பாயில் 1949இல் வந்த சட்டத்தை 1962இல் உச்ச நீதிமன்றமே செல்லாது என்றது. இந்தப் பயத்துக்குச் சம்மதம் என்று பெயர் வைத்தது யார்?

இதைச் சாக்கிட்டு முஸ்லிம்களை ஏச வந்தவர்கள் எழுந்து போகலாம். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டம் பெண்ணின் கல்யாண வயதைப் பதினான்கு ஆக்கியபோது, சாஸ்திரம் போச்சு என்று அலறிய வைதிகர்கள் நம் சென்னையிலும் இருந்தார்கள்.

பெண்களே கேட்கிறார்கள் என்ற வாதமும் புதிதல்ல. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்தச் சொல்லிச் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தார். தேவதாசிகளே எதிர்த்து மனுப் போட்டார்கள். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மானியமும் கலையும் அவர்கள் பிழைப்பு. ஆனால் பேசியவர்கள் வளர்ந்த பெண்கள். பொட்டுக்கட்டப் போகும் சிறுமியை யார் கேட்டார்கள்? அந்தச் சிறுமிக்காக ஊர் ஊராகப் பேசிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தாசி வீட்டிலேயே வளர்ந்தவர். சட்டம் முழுதாக வர 1947 ஆயிற்று.

கத்னாவுக்கும் அத்தனை அவகாசம் எதற்கு? வளர்ந்தவள் தன் உடம்பை என்ன செய்துகொள்கிறாள் என்பது வேறு பேச்சு. ஏழு வயதுக் குழந்தையின் உடம்புக்குப் பாட்டி எப்படிச் சம்மதம் கொடுப்பாள்? கத்னாவைத் தடை செய்யக் கோரிய வழக்கு 2018இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுக்குப் போனது; 2019இல் சபரிமலைக் கோயிலில் பெண்கள் நுழையும் விவகாரத்தோடு முடிச்சுப் போட்டார்கள். இதற்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை.

இப்போது பிளேடு கிளினிக்குக்கும் வந்துவிட்டது. டாக்டர் செய்தால் சுத்தமாம்! இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் கைக்குழந்தைக்கே 'ஒஸ்தா மாமி' வந்து செய்துவிட்டுப் போகிறார். அங்கேகூட 2018இல் மருத்துவர்கள் இதைச் செய்யக்கூடாது என்று சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது. இங்கும் அப்படி ஒன்று வேண்டும். அடையாறிலிருந்தும் தி.நகரிலிருந்தும் வந்திருக்கும் டாக்டர்களே, சுகாதாரத் துறைக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.