முகவரியும் ஓர் உரிமையே

(முள்ளிவாய்க்காலில், மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களின் பெண்கள் கூடிய சந்திப்பில் ஆற்றிய உரை)



2009 மே மாதம் வரை இந்த மண்ணில் மடிந்த உறவுகளை முதலில் நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்குள்ளே தேயிலை மலையிலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இருந்தார்கள். வெளியில் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். தோட்டத்தில் இருக்கிற நாங்கள் மறக்கக் கூடாது.

இன்றைக்கு நான் பேச வந்தது கூடப்பிறந்த பெண்களைப் பற்றி. ஒரே லயத்துக் காம்பராவில் பிறந்து, ஆளுக்கொரு திசையில் வேலை செய்கிற அக்காள் தங்கச்சிமாரைப் பற்றி.

நம்முடைய குடும்பங்கள் தானாகப் பிரியவில்லை, பிரிக்கப்பட்டன. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். தலையை எண்ணினார்களே தவிர, அக்காள் எந்தப் பக்கம், தங்கச்சி எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணம் முடித்தவள் புருசனோடு கப்பலேறினாள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் டான்டீ தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துதான் பறித்தாள். இன்னொருத்தி 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று வந்து காடு வெட்டினாள். கடைசித் தங்கச்சி லயத்திலேயே நின்றாள். இப்போது அவளுடைய மகள்மார் குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலை செய்கிறார்கள்.

இந்தக் கதை நமக்கு மட்டும் உரியதல்ல. அயர்லாந்தில் 1845இலிருந்து சில வருசங்கள் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. சுமார் 10 இலட்சம் பேர் செத்தார்கள், அதைவிடக் கூடுதலானவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். நம்முடைய முப்பாட்டன்மார் மன்னாரிலிருந்து கண்டிக் காப்பித் தோட்டங்களுக்கு நடந்த அதே காலம்தான். பஞ்சத்துக்குப் பிறகும் கல்யாணமாகாத இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்காவுக்குப் போய், நியூயோர்க், பொஸ்டன் போன்ற நகரங்களில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒரு பிள்ளை புறப்படுவதற்கு முதல் நாள் ராத்திரி, செத்த வீட்டில் விழித்திருப்பது போல ஊரே அந்த வீட்டில் விழித்திருக்கும். இனித் திரும்பி வரமாட்டாள் என்று தெரியும். தலைமன்னார் கோச்சிக்கு ஏற்றிவிடப் போன நம்முடைய கிழவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தப் பிள்ளைகள் தொடர்பை விடவில்லை. முதலில் போன அக்காள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தங்கச்சிக்குக் கப்பல் டிக்கட் அனுப்பினாள். அந்தத் தங்கச்சி அடுத்தவளுக்கு அனுப்பினாள். ஆளுக்கொரு ஊரில் ஆளுக்கொரு எஜமானி வீட்டில் இருந்தாலும் கடிதம் போட்டுக்கொண்டார்கள். எந்த வீட்டில் வேலைக்கு ஆள் தேவை, எந்த வீட்டில் சம்பளம் ஒழுங்கு என்ற சேதியும் அப்படித்தான் போனது. சங்கம் இல்லாத வேலையில் அந்தக் கடிதந்தான் அவர்களுக்குச் சங்கமாக இருந்தது.

நம்முடைய பெண்களுக்கும் பாசத்தில் குறைச்சல் இல்லை. கடிதம் போய்ச் சேர வழிதான் இல்லை. இராமேஸ்வரம் கப்பல் 1980களில் நின்றது. யுத்தத்தில் வன்னிப் பாதை மூடப்பட்டது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதத்தாளில் குடும்ப விசயம் மட்டும் எழுதலாம், அதையும் ஒட்டாமல் கொடுக்க வேண்டும். "சுகம், பிள்ளைகள் சுகம்" என்ற இரண்டு வரிக்காக மலையில் இருந்தவள் மாதக்கணக்கில் காத்திருந்தாள். 2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள், உயிரோடு இருப்பதை அக்காளுக்கு எப்படித் தெரிவிப்பது என்று தவித்தார்கள்.

யுத்தம் முடிந்தது. தோட்டத்து லயத்துக்கு இன்னும் முகவரி வரவில்லை. என்னுடைய வகுப்பில் கடிதம் எழுதப் படிப்பிக்கும்போது, அனுப்புநர் முகவரியில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே முகவரியைத்தான் எழுதுகிறார்கள். அது தோட்டத்து ஆபீஸ் முகவரி. கடிதம் ஆபீசில் கிடந்து கைமாறி வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்து சேர்ந்த வீடுகள் உண்டு. வன்னியிலிருந்து அக்காள் போட்ட கடிதம் யார் கையில் தங்கியது என்று கேட்கவும் ஆளில்லை.

ஆகவே மூன்று விசயம் சொல்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம், ஒவ்வொரு பாதைக்கும் பெயர், வாசலுக்குத் தபால். சம்பளப் பேச்சோடு பேச்சாக இதையும் சங்கம் மேசையில் வைக்க வேண்டும்.

இரண்டு, வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளையின் பாஸ்போட், விசா, ஒப்பந்தம் மூன்றின் பிரதியும், ஏஜென்சியின் பெயரும், வேலை வீட்டு விலாசமும் இங்கே ஒரு சகோதரியின் கையில் இருக்கட்டும். போன் பேசுகிற நாளை முன்கூட்டியே பேசி வையுங்கள். அந்த நாளில் பேச்சு வராவிட்டால் காத்திருக்காதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு உடனே சொல்லுங்கள், சங்கத்துக்கும் சொல்லுங்கள்.

மூன்று, பழைய கடிதம், உறை, படம், செஞ்சிலுவைத் தாள் எதையும் எரிக்காதீர்கள். காணாமற்போனவர்களுக்கான அலுவலகச் சட்டமும், காணாமற்போனமைக்குச் சான்றிதழ் கொடுக்கும் சட்டமும் 2016இல் வந்தன. இந்த ஏற்பாடுகளில் நம்பிக்கை இழந்த தாய்மார் இங்கே இருக்கிறீர்கள், அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் எந்தக் கதவைத் தட்டினாலும் தாள் கேட்பார்கள். தாயும் தகப்பனும் செத்துப்போன குடும்பத்தில், காணாமற்போனவளுக்காகப் பேச மிஞ்சியிருப்பவள் தங்கச்சிதான். இவள் என் அக்காள் என்று காட்ட அவளிடம் இருப்பது அந்த ஒரு கடிதமாகவும் இருக்கலாம்.

கலைந்து போவதற்கு முன்னால் இந்தக் கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள். உங்கள் பெயர், பிறந்த தோட்டம், டிவிசன், தாய் தகப்பன் பெயர், கடைசியாகச் சேதி வந்த வருசம். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். அந்தந்தத் தோட்டத் தலைவர்மாரிடமும் மாதர் தலைவிமாரிடமும் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தோட்டத்தில் இதை வாசிக்கிறவர்களும் வன்னியில் தொலைந்த தங்கள் உறவுகளின் பெயரை உங்கள் தலைவியிடம் கொடுங்கள்.