வீட்டில் இரத்த அழுத்தம் அளத்தல்

இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் அறிகுறி ஏதுமின்றியே இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அளந்து பார்ப்பதே அதனை அறியும் வழியாகும்.

கருவி வாங்கும்போது மணிக்கட்டில் கட்டுவதை விடுத்து, முழங்கைக்கு மேலே கட்டும் தானியங்கிக் கருவியையே தேர்ந்தெடுங்கள். பட்டை கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சிறிய பட்டை அளவைக் கூட்டிக் காட்டும்.

தேநீர் அருந்தியிருந்தால் அரைமணி நேரம் கழியட்டும். பின்னர் முதுகைச் சாய்த்து 5 நிமிடம் பேசாது அமருங்கள். பாதங்கள் தரையிலும், கை நெஞ்சின் மட்டத்திலும் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து குறித்து வையுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து வருமாயின் மருத்துவரை அணுகுங்கள்.

அளவு குறைந்துவிட்டதென்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவோர் நம்மில் உளர். குறைத்தது அம்மாத்திரையே என்பதை மறவாதீர்கள்!