பேஸ்மேக்கரும் காந்தமும்

(நம் செம்பூர் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் துறையில் இருந்து ரிடையர் ஆனவன். 2016 முதல் இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கருடன் இருப்பவன்.

காந்தம் பட்டால் பேஸ்மேக்கர் நின்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. காந்தத்தை உணரும் ஸ்விட்சை வேண்டுமென்றேதான் உள்ளே வைத்திருக்கிறார்கள். பழைய கருவிகளில் ரீட் ஸ்விட்ச். புதியவை பலவற்றில் ஹால் சென்சார். டாக்டர் மேலே காந்தத்தை வைத்தால், பேஸ்மேக்கர் பொதுவாக இதயத்தின் சொந்தத் துடிப்பைப் பார்க்காமல் ஒரே சீராகத் துடிப்பு கொடுக்கும். எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும். ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி. விஷயம் வேறு. காந்தம் மேலே இருக்கும்வரை பெரும்பாலானவை ஷாக் கொடுக்காது. கவலை அங்கேதான்.

10 காஸ் வரையிலான காந்தப்புலத்துக்குக் கருவி அசையக்கூடாது என்பது சர்வதேச விதி. பூமியின் காந்தம் சுமார் அரை காஸ்தான். ஆனால் 2020-ல் வந்த ஐபோன் 12-ன் முதுகில் காந்த வளையம் இருந்தது. அதை மார்பருகே வைத்தபோது ஒரு ஐ.சி.டி. செயலிழந்து நின்றதை 2021 ஜனவரியில் அமெரிக்க டாக்டர்கள் வெளியிட்டார்கள். செல்போன் 15 செ.மீ. தள்ளியிருந்தால் போதும். இருந்தாலும் நான் சட்டைப் பையில் போட்டால், "ஏன்னா, மறுபடியும் அங்கேயா வெச்சிண்டேள்?" என்று உள்ளிருந்து குரல் வந்துவிடும். இண்டக்‌ஷன் அடுப்புக்கு இரண்டடி.

எம்.ஆர்.ஐ. இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது. 1.5 டெஸ்லா என்றால் 15,000 காஸ். இழுவிசையைவிட ரேடியோ அலைதான் தொல்லை. லீட் ஒயர் ஆன்டெனா மாதிரி அதை வாங்கி, நுனியில் சூடேறி இதயத் தசையைச் சுடலாம். அதனால் உள்ளே இரும்பைக் குறைத்தார்கள், லீடின் சுருளை மாற்றி அமைத்தார்கள், ஸ்கேனுக்கென்று தனி மோடு வைத்தார்கள். இப்படிப்பட்ட பேஸ்மேக்கர் ஐரோப்பாவில் 2008-லும், அமெரிக்க அனுமதியுடன் 2011-லும் வந்தது. பெட்டி மட்டும் புதிதாக இருந்தால் போதாது. லீடும் அதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும்.

2022-ல் என் கால் மரத்துப்போய் முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார்கள். ஸ்கேன் சென்டரில், "பேஸ்மேக்கரா? முடியாது" என்று ஒரே வார்த்தை. மாடல் எண் கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை. கார்டு புனேயில் பிள்ளை வீட்டு பீரோவில். அது வந்து, கம்பெனி டெக்னீஷியன் தேதி கொடுத்து, புரோகிராமரால் மோடு மாற்றி, ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே ஸ்கேன் எடுக்கப் பத்து நாள் ஆயிற்று. கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபரேஷனும் நடந்தது. ஆனால் இடது பாதம் முழுசாகத் திரும்பவில்லை. மேடைக்கு நான் ஏறிய விதத்தைப் பார்த்திருப்பீர்கள்.

கார்டு இப்போது பர்ஸில் இருக்கிறது. காபி வருவதற்குள், கருவி வைத்துக்கொண்டிருப்பவர்கள் உங்கள் கார்டை என்னிடம் காட்டுங்கள். பெட்டி, லீட் இரண்டின் எண்ணும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.